பென்னி ஏன் வரவில்லை

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2008 ஜூலை 5, சனிக்கிழமை. பிரிட்டனில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடர், மறுபிறவி எடுத்தபின் வந்த நான்காவது சீசனின் கடைசி எபிசோடை அன்று ஒளிபரப்பியது. ‘ஜர்னிஸ் எண்ட்’ என்பது அதன் பெயர். பார்த்தவர்கள் ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்த வாரம் பிரிட்டனில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். 1963இல் தொடங்கிய இந்தத் தொடருக்கு அந்த முதலிடம் அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

முந்தைய வாரம், ஜூன் 28 அன்று, கதாநாயகன் சுடப்பட்டுச் சாகும் தறுவாயில் உருமாறத் தொடங்கும் இடத்தில் கதையை நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் என்று அழைக்கப்படும் அந்தக் கதாநாயகன் செத்தால் வேறு முகத்தோடு எழுவார் என்பது அந்தத் தொடரின் விதி. எனவே நடிகர் மாறுகிறாரா என்று ஒரு வாரம் முழுக்க நாடே பேசியது. விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பிய வட்டுகளில்கூட அந்தக் கடைசிக் காட்சி இல்லை.

இவ்வளவு கட்டுக்காவலோடு நடந்த ஒரு தொடரின் எழுத்தாளர், அது எழுதப்பட்ட விதத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் புத்தகம் ஒன்றைத் தரப்போகிறார் என்ற செய்தியும் அந்தக் கோடையில் ரசிகர்களிடம் இருந்தது. புத்தகத்தின் பெயர் ‘தி ரைட்டர்ஸ் டேல்’. தொடரின் தலைமை எழுத்தாளரும் நிர்வாகத் தயாரிப்பாளருமான ரஸ்ஸல் டி டேவிஸும், பத்திரிகையாளர் பெஞ்சமின் குக்கும் சேர்ந்து செய்தது. செப்டம்பர் 25 அன்று வெளிவந்தது. அதுவரை இரண்டரை மாதக் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் என்ன இருந்தது, புத்தகம் அதற்கு என்ன கொடுத்தது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

இந்தத் தொடரின் ரசிகர்கள் புத்தகத்துக்காகக் காத்திருப்பது புதிதல்ல. தொடரை அவர்கள் காப்பாற்றி வைத்ததே அச்சில்தான். அறுபதுகளில் ஒளிபரப்பான பல எபிசோடுகளின் நாடாக்களைப் பிபிசி பின்னால் அழித்துவிட்டது. வீட்டில் பதிவு செய்துகொள்ள வழியில்லாத காலம். பழைய கதையைத் திரும்பப் பார்க்க முடியாத சிறுவர்கள் 1973இலிருந்து வெளிவந்த டார்கெட் பதிப்பக நாவல்களில் அதைப் படித்தார்கள். டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒரே எழுத்தாளர் அறுபதுக்கு மேற்பட்ட கதைகளை அப்படி நாவலாக்கினார். 1989இல் தொடர் நின்றது. 1996இல் வந்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தைத் தவிர 2005 வரை திரையில் புதிதாக எதுவும் இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டுச் சொச்சமும் டாக்டரை உயிரோடு வைத்தவை நாவல்களும் ஒலிநாடகங்களும் ஒரு மாத இதழும்தான். டேவிஸே 1996இல் அந்த நாவல் வரிசையில் ஒன்றை எழுதியவர். சிறுவயதிலிருந்து ரசிகர். 2008இல் டாக்டராக நடித்துக்கொண்டிருந்த டேவிட் டென்னன்ட்டும் அப்படித்தான். ரசிகர்கள் தங்களில் ஒருவரிடமிருந்து நடந்ததைப் பற்றிய விவரத்தை எதிர்பார்த்தார்கள் என்று சொன்னால் பொருந்தும்.

திரைக்குப் பின்னால் நடந்ததைச் சொல்லும் புத்தகங்கள் அதற்கு முன்பே நிறைய உண்டு. 1968இல் ‘தி மேக்கிங் ஆஃப் ஸ்டார் ட்ரெக்’ வந்தது. 1972இல் மால்கம் ஹல்க்கும் டெரன்ஸ் டிக்ஸும் ‘தி மேக்கிங் ஆஃப் டாக்டர் ஹூ’ எழுதினார்கள். ஒரு குழந்தைக்கு, இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது, காசு வாங்கிக்கொண்டு கதை எழுதலாம் என்று காட்டிக்கொடுத்த புத்தகங்கள் இவை. அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் இவை தயாரிப்பு நிலையத்தின் கைபிடித்து நடந்தவை. அங்கே எல்லாம் நல்லபடியாகவே நடக்கும்.

1973இல் டேவிட் ஜெரால்ட் ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’ என்ற புத்தகத்தில், தாம் எழுதிய ஒரு ஸ்டார் ட்ரெக் எபிசோடு எப்படி உருவானது என்று விரிவாக எழுதினார். பிற்பாடு வந்த பலருக்கு அது பாடப்புத்தகம். இன்னொரு துருவம் ஹார்லன் எலிசன். 1967இல் ஒளிபரப்பான அவருடைய ஸ்டார் ட்ரெக் கதையைத் தயாரிப்பாளர்கள் திருத்தி எழுதியதை அவர் மன்னிக்கவே இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துத் தம் மூல ஸ்கிரிப்டை நீண்ட முன்னுரையோடு நூலாக்கினார். அதில் இருக்கும் கோபம் நிஜம். ஆனால் முப்பது ஆண்டு ஊறிய கோபம் அது. எழுதிக்கொண்டிருந்த நாளில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்பது அந்தக் கோபத்துக்கு அடியில் போய்விட்டது.

நினைவுக்குறிப்பில் எப்போதும் உள்ள சிக்கல் இதுதான். கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொண்டுதான் எழுத்தாளர் உட்காருகிறார். வெற்றி பெற்ற காட்சிக்கெல்லாம் ஆரம்பத்திலேயே திட்டம் இருந்ததாக அவருக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். பொய் சொல்வதில்லை, நினைவு தானே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறது.

‘தி ரைட்டர்ஸ் டேல்’ இந்தச் சிக்கலிலிருந்து தப்பியதற்குக் காரணம் மிக எளியது. அது முழுக்க மின்னஞ்சல்கள். 2007 பிப்ரவரியில் குக், ‘டாக்டர் ஹூ’ இதழுக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று டேவிஸைக் கேட்கிறார்: ஒரு ஸ்கிரிப்ட் முதல் எண்ணத்திலிருந்து கடைசி வரி வரை எப்படி வளர்கிறது என்று அவ்வப்போது எழுதிக்கொண்டே வர முடியுமா? டேவிஸ் ஒப்புக்கொள்கிறார். கட்டுரைக்காகத் தொடங்கியது கட்டுக்கடங்காமல் போய், 2008 மார்ச் வரை ஓராண்டுக்கு மேல் நீண்டு, 512 பக்கப் புத்தகமானது. ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதியும் மணியும் உண்டு. நள்ளிரவு தாண்டிய மணிகள் பல. நடுநடுவே ஸ்கிரிப்ட் பக்கங்கள், அவர் எழுத எழுத அனுப்பியபடியே. அவர் கையால் வரைந்த கேலிச்சித்திரங்களும் உண்டு.

புத்தகம் ஏன் ஜூலைக்கு முன் வர முடியாது என்பதும் இதிலிருந்து விளங்கும். சீசனின் முடிவு வரைக்கும் அத்தனை ரகசியமும் அந்தக் கடிதங்களில் இருந்தது. நாடு முழுக்க ஒரு வாரம் ஊகித்துக்கொண்டிருந்த விடையை, குக் பல மாதங்களாகத் தன் அஞ்சல் பெட்டியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்.

ரசிகர்கள் எதை எதிர்பார்த்தார்கள்? யாரை நடிக்கக் கேட்டார்கள், யார் மறுத்தார்கள், யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம், கைவிட்ட கதைகள் எவை. இந்த ஆவலை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன். ஒரு கதையை நேசிக்கிறவர்களுக்கு அது வேறு எப்படியெல்லாம் ஆகியிருக்கலாம் என்று தெரிந்துகொள்ளத் தோன்றுவது இயல்பு. அவர்களுக்குத் தீனி கிடைத்தது. ஜே.கே. ரௌலிங்கே ரௌலிங்காக வரும் ஒரு கிறிஸ்துமஸ் கதையை டேவிஸ் யோசித்திருக்கிறார், டென்னன்ட்டுக்கு அதில் ஒப்புதல் இல்லை, கைவிட்டார். இப்படிப்பட்டவை புத்தகத்தில் நிறைய. ஒரு தடவை படித்து ஆச்சரியப்பட்டு நகர்ந்துவிடலாம். பென்னியின் கதை அப்படி நகரக்கூடியது அல்ல.

டாக்டருடன் பயணம் செய்ய ஒவ்வொரு சீசனிலும் ஒரு துணை உண்டு. நான்காம் சீசனுக்கு டேவிஸ் முதலில் யோசித்தது பென்னி என்ற புதிய பெண்ணை. முப்பது வயது தாண்டியவள். அவளுக்கு ஒரு குடும்பம், ஒரு பேச்சு நடை, அவள் ஏன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்ற காரணம் எல்லாம் மெல்ல மெல்லக் கூடிவருவதைக் கடிதங்களில் பார்க்கிறோம். நமக்கும் அவளைப் பிடித்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து, முந்தைய கிறிஸ்துமஸ் கதையில் டோனா என்ற மணப்பெண்ணாக ஒரே ஒரு முறை வந்துபோன கேத்தரின் டேட், முழு சீசனும் நடிக்கச் சம்மதம் என்கிறார். பென்னி அத்தோடு முடிந்தாள். டேவிஸ் அவளுக்காக அழுதுகொண்டு உட்காரவில்லை. டோனாவுக்கு வேண்டியதை உடனே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். பென்னி என்ற பெயர் மட்டும் எஞ்சியது. 2008 ஏப்ரலில் வந்த முதல் எபிசோடில் நாற்காலியில் கட்டிப்போடப்படும் ஒரு பெண் நிருபருக்கு அந்தப் பெயர். அவ்வளவுதான் மிச்சம்.

எழுத விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தை உயிரோடு உருவாக்கவும் தெரிய வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் அதைக் கீழே வைக்கவும் தெரிய வேண்டும். நினைவுக்குறிப்பு எழுதியிருந்தால் பென்னிக்கு ஒரு பத்தி கிடைத்திருக்கும். இங்கே அவள் பல வாரம் வாழ்ந்ததை நாமும் கூட இருந்து பார்க்கிறோம்.

அடுத்தது இன்னும் கனமானது. டோனாவின் அப்பாவாக நடித்தவர் ஹோவர்ட் ஆட்ஃபீல்ட். நான்காம் சீசனுக்குச் சில காட்சிகளை நடித்தும் கொடுத்துவிட்டார். பிறகு நோய் முற்றி, தொடர முடியாமல் போயிற்று. 2007 அக்டோபர் கடைசியில் காலமானார். படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அப்பா பாத்திரத்தை என்ன செய்வது? அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதையில் பத்திரிகை விற்கும் கிழவராகச் சில நிமிடம் நடித்திருந்தார் பெர்னார்ட் கிரிபின்ஸ். அந்தக் கிழவரே டோனாவின் தாத்தா என்று ஆக்கினார்கள். வில்ஃப்ரெட் மாட் என்று பெயர் வைத்தார்கள். ஆட்ஃபீல்டின் காட்சிகளைக் கிரிபின்ஸை வைத்துத் திரும்பப் படமாக்கினார்கள். அந்த முதல் எபிசோடு ஆட்ஃபீல்டின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது.

அந்தத் தாத்தா தோட்டத்துக் குன்றில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, பேத்தி ஏறிப்போன டாக்டரின் வண்டியான நீலப் பெட்டி வானத்தில் தெரிகிறதா என்று பார்ப்பார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2010 புத்தாண்டு அன்று டென்னன்ட்டின் டாக்டர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவது இந்தக் கிழவரைத்தான். ஐந்தாண்டுச் சகாப்தம் ஒன்றின் முடிவே அவர் மேல் நிற்கிறது. திரையில் பார்க்கிறவருக்கு இது முதலிலிருந்தே போட்ட திட்டம் என்றுதான் தோன்றும். கடிதங்களைப் படித்தவர்களுக்கு, ஒரு மனிதரின் நோயும் மரணமும் அதன் பின்னால் இருப்பது தெரியும். தேதி போட்ட கடிதம் இல்லாவிட்டால் அந்த நடிகரின் இடம் இந்தக் கதையில் பலருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இனி ‘மிட்நைட்’. அந்தச் சீசனின் மிகச் சிறந்த எபிசோடு என்று நான் நினைப்பது இது. சீசனில் அந்த இடத்துக்கு வேறொரு எழுத்தாளரின் கதை இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வேடிக்கைக் கதை வருகிறது. அந்த எழுத்தாளரின் கதையும் அதே தொனியில் இருக்கிறது என்று பட்டதால் அதை ஒதுக்க நேர்ந்தது. நேரம் இல்லை. துணைப் பாத்திரம் இன்னொரு எபிசோடின் ஷூட்டிங்கில் இருப்பார் என்பதால் டாக்டர் தனியாகத்தான் வர முடியும். டேவிஸ் சில நாள்களில் எழுதி முடிக்கிறார். சுற்றுலா வண்டி ஒன்று வைரக் கிரகத்தின் நடுவே நின்றுவிடுகிறது. வெளியே ஏதோ தட்டுகிறது. உள்ளே ஒரு பெண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அவள் மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறாள். பிறகு கூடவே சொல்கிறாள். பிறகு அவர்களுக்கு முன்னால் சொல்கிறாள். பேயை ஒருமுறைகூடக் காட்டவில்லை. பயந்துபோன சாதாரணப் பயணிகள் டாக்டரையே வெளியே தள்ளிக் கொல்லத் துணிகிறார்கள். கடைசியில் தன் உயிரைக் கொடுத்து அவரைக் காப்பாற்றிய வண்டிப் பணிப்பெண்ணின் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒரே அரங்கம், சில நடிகர்கள், பேச்சு. கட்டுப்பாடுகள் இறுக்கியபடியே இருந்ததால் பிறந்த கதை. அது பிறக்கும் நாள்களின் கடிதங்களில் உற்சாகமும் பதற்றமும் கலந்து ஓடுகின்றன. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எழுத்து என்பது நல்ல மனநிலை வரும்வரை காத்திருக்கும் வேலை என்ற எண்ணம் ஒழிந்துபோகும். படப்பிடிப்பு நடக்கும் கார்டிஃபில் கலை இயக்குநர், உடை வடிவமைப்பாளர், இயக்குநர் எல்லோரும் இந்த ஒருவரின் பக்கங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பக்கம் வராவிட்டால் அரங்கம் கட்ட முடியாது. சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். கூடவே ‘டார்ச்வுட்’, ‘சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ்’ என்ற இரண்டு கிளைத் தொடர்களும் அவர் பொறுப்பு. இரவெல்லாம் சிகரெட்டும் குற்றவுணர்வுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். எழுதாமல் தள்ளிப்போடும் நாள்களை அவர் மறைக்கவில்லை. தம்மை நொந்துகொள்வதையும் மறைக்கவில்லை.

ஒளிவுமறைவின்மைக்கு ஓர் எல்லை உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். தலைமை எழுத்தாளர் என்ற முறையில் மற்றவர்களின் ஸ்கிரிப்டுகளைப் பலமுறை அவரே திருத்தி எழுதியிருக்கிறார். திரையில் அவர் பெயர் வருவதில்லை. தொடரின் இன்னொரு எழுத்தாளரான ஸ்டீவன் மொஃபாட் எழுதியவற்றில் அவர் கைவைத்ததில்லை. இதையெல்லாம் புத்தகம் வெளிப்படையாகப் பேசுகிறது. எழுதுகிறவனுக்கு இது தேவையான உண்மை. ஆனால் திருத்தப்பட்டவருடைய இடத்திலிருந்து பார்த்தால், தன் பெயரில் ஒளிபரப்பானதில் எவ்வளவு தன்னுடையது என்ற கேள்வி ஊர் அறிய நிற்கிறது. பதில் சொல்ல அவருக்குப் புத்தகத்தில் இடம் இல்லை. தன்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திறந்து காட்டலாம். பிறரைப் பற்றிய பக்கத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டேவிஸ் பெரும்பாலும் அந்த நிதானத்தோடு இருந்தார் என்பது என் கருத்து. எல்லா இடத்திலும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு ஐயமும் நியாயமானது. அச்சாகப் போகிறது என்று தெரிந்தே எழுதிய கடிதம் எப்படி முழு உண்மையாகும்? ஆகாதுதான். எந்தக் கடிதமும் எதிரில் இருப்பவரைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. ஆனால் அவர் எதை வேண்டுமானாலும் அலங்கரித்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பதை மட்டும் அலங்கரிக்க முடியாது. அது அவருக்கே தெரியாது. பென்னியைப் பற்றி ஆசையாக எழுதும்போது கேத்தரின் டேட் வரப்போகிறார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அந்த அறியாமையே போதும்.

இந்தப் புத்தகத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது குக்கை. கேள்வி கேட்பவர்தானே என்று தாண்டிப் போய்விடுவார்கள். ‘ஜர்னிஸ் எண்ட்’ முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு சீசன்களும் ஒரே மாதிரி முடிந்தன: சோகமான பிரிவு, உடனே ஒரு திடுக்கிடல். 2006இல், காதலியைப் பிரிந்து நிற்கும் டாக்டரின் வண்டிக்குள் திடீரென்று மணக்கோலத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். 2007இல் டைட்டானிக் கப்பலின் முகப்பு சுவரைப் பிளந்துகொண்டு வந்தது. கிறிஸ்துமஸ் கதைக்கு ரசிகர்களை இழுக்கும் உத்தி அது. 2008க்கும் டேவிஸ் அப்படியே எழுதியிருந்தார். டோனாவின் உயிரைக் காக்க அவள் நினைவையெல்லாம் அழித்துவிட்டு, டாக்டர் மழையில் நனைந்து தனியே திரும்புகிறார். உடனே டாக்டரின் எதிரிகளான சைபர்மென் தோன்ற வேண்டும்.

குக் அந்த ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று எழுதுகிறார். இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு அந்தத் திடுக்கிடல் சோகத்தைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். டேவிஸ் உடனே இசையவில்லை. பழக்கமான உத்தி, பலித்த உத்தி, ரசிகர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். யோசிக்கிறார். கடைசியில் எடுத்துவிடுகிறார். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்த முடிவில் டாக்டர் தன் வண்டியில் தனியாக நிற்கிறார், வேறெதுவும் நடக்கவில்லை.

கேள்வி கேட்க வந்தவர் கதையின் முடிவையே மாற்றிவிட்டார். அவர் இதழாளர், அடிப்படையில் ரசிகரும்கூட. ஆனால் அந்தக் கணத்தில் ரசிகர்கள் கேட்கக்கூடியதற்கு எதிராக, கதைக்கு வேண்டியதைச் சொன்னார். அவரைச் சினந்துகொள்ளாமல் கேட்டுக்கொண்டது டேவிஸின் பெருந்தன்மை. அந்தக் கடிதங்களை அப்படியே அச்சில் போட்டது அதைவிடப் பெரிது. தன் முதல் முடிவு தவறு, சரியானதை இன்னொருவர் சொன்னார் என்று வாசகனுக்குக் காட்டுகிறார். எழுத்தாளர்கள் எளிதில் செய்யும் காரியம் அல்ல அது.

2010 ஜனவரியில் இதன் விரிந்த பதிப்பு ‘தி ஃபைனல் சாப்டர்’ என்ற பெயரோடு வந்தது. டேவிஸ் அப்போது தொடரிலிருந்து விலகும் வரையிலான கடிதங்கள் அதில் சேர்ந்தன. ஏறக்குறைய எழுநூறு பக்கம். முதல் பதிப்பு வெளியானபின் எழுதிய கடிதங்கள் அவை. உலகம் படிக்கிறது என்று இருவருக்கும் தெரிந்த பின் எழுதியவை. ஆனாலும் கைதேர்ந்த கூட்டாளிகளின் பேச்சு. வாங்குவதென்றால் இந்தப் பதிப்பையே வாங்குங்கள்.

உங்களில் சின்னத்திரைக்கு எழுதுகிறவர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். தொடரையே பார்க்காதவர்கள் பலர் இருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் படிக்கலாம். ஆனால் ஒரு வழி சொல்கிறேன். ‘மிட்நைட்’, ‘ஜர்னிஸ் எண்ட்’ இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு புத்தகத்தில் சைபர்மென் பற்றி இருவரும் வாதாடும் கடிதங்களைத் தேடிப் படியுங்கள். ஸ்கிரிப்ட் பக்கத்தையும் நீங்கள் பார்த்ததையும் அருகருகே வைத்து, குக் சொன்னது சரிதானா என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். அவரோடு உடன்படாவிட்டாலும் பரவாயில்லை. சைபர்மென் வந்திருக்கலாம் என்று வாதிடும் ரசிகரோடு பேச நான் தயாராக இருக்கிறேன். அதன்பின் 2007 பிப்ரவரிக்குத் திரும்பி, முதல் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்.